கல்லூரி மேடைக்கு யார் காசு கொடுப்பது? சர்ச்சைக்குரிய அரசியல் பேச்சாளர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று சர்ச்சைக்குரிய அரசியல் பேச்சாளரை அழைத்தது, அதற்காக இவ்வளவு டாலர் செலவானது என்று செய்தி வந்தவுடன் ஒரு பக்கம் "என் கட்டணத்தில் இவருக்குப் பணமா?" என்று கேட்பார்கள். மறுபக்கம் "பேச்சுரிமை பறிபோகிறது" என்பார்கள். பல நேரங்களில் இரு தரப்பாரும் வெவ்வேறு செலவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே படிக்கும் மாணவர்களும், பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். என் கருத்தையும் மறைக்கவில்லை.

பேச வருபவருக்குக் கல்லூரி ஏன் பணம் தருகிறது?

பேச்சு அமெரிக்காவில் ஒரு தொழில். முன்னாள் அமைச்சர்கள், நூலாசிரியர்கள், தொலைக்காட்சி விவாதக்காரர்கள் என்று பலருக்கும் முகவர் நிறுவனங்கள் உண்டு. அந்த நிறுவனங்கள் கட்டணம் பேசி, ஒப்பந்தம் எழுதி, விமான டிக்கெட்டிலிருந்து தங்கும் அறை வரை நிபந்தனை போடும். கல்லூரிகள் இந்தச் சந்தையின் நிரந்தர வாடிக்கையாளர்கள். பெரிய பெயர் வந்தால் அரங்கம் நிரம்பும், செய்தி வரும், நன்கொடையாளர்கள் மகிழ்வார்கள். சிந்தனையைத் தூண்டுவதற்காக மட்டுமே அழைக்கிறோம் என்று நிர்வாகங்கள் சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை.

எவ்வளவு தருகிறார்கள்?

பொதுவெளிக்கு வந்த சில தொகைகள் இவை. 2014-இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பேசியதற்கு 2,51,250 டாலர். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 3,00,000 டாலர். லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளை விருந்துக்கு 2,25,000 டாலர் என்று தெரியவந்தபோது, அங்குள்ள மாணவர் தலைவர்கள் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும்படி பகிரங்கமாகக் கேட்டார்கள். கல்விக் கட்டணம் உயர்ந்துகொண்டிருந்த நேரம் அது. பல்கலைக்கழகங்களில் பேசிப் பெற்ற கட்டணங்களைத் தம் குடும்ப அறக்கட்டளைக்குத் தந்துவிட்டதாகக் கிளின்டன் சொன்னார். மாணவர்களின் கோபம் அதனால் தணியவில்லை.

மறு கட்சியான குடியரசுக் கட்சிக்கும் இதே கதைதான். 2017-இல் வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகம் அதிபர் டிரம்பின் மகன் டொனால்ட் டிரம்ப் ஜூனியருக்கு 1,00,000 டாலர் தந்தது. 2014-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு அழைக்கப்பட்ட முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸுக்குப் பேசப்பட்ட தொகை 35,000 டாலர். ஈராக் போரில் அவருக்கிருந்த பங்கைச் சொல்லி மாணவர்களும் பேராசிரியர்களும் எதிர்த்ததால் அவரே விலகிக்கொண்டார்.

அதே ரட்கர்ஸில் 2011-இல் மாணவர் அமைப்பு ஒன்று தொலைக்காட்சிப் பிரபலமான ஸ்னூக்கிக்கு 32,000 டாலர் கொடுத்தது. அதே ஆண்டு பட்டமளிப்பு விழாவில் பேசிய நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் டோனி மாரிசனுக்குக் கிடைத்தது 30,000 டாலர். சொல்லும் கருத்தின் தரத்துக்கும் கொடுக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஒன்று, நன்கொடையாளர்கள் பேச்சுத் தொடருக்கென்றே வைத்த நிதி. மேலே சொன்ன பெரிய தொகைகளில் பல இப்படி வந்தவை. மற்றொன்று, எல்லா மாணவர்களிடமும் கட்டாயமாக வாங்கும் செயல்பாட்டுக் கட்டணம். மாணவர் பேரவை அதைப் பிரித்துச் சங்கங்களுக்குத் தருகிறது. வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர்களும் இதைக் கட்டுகிறார்கள். ரசீதில் சிறு வரியாக இருக்கும். மூன்றாவது, பல்கலைக்கழகத்தின் பொது நிதி. பேச்சாளர் கட்டணம் இதிலிருந்து போவது குறைவு. ஆனால் காவல் செலவு பெரும்பாலும் இதிலிருந்துதான் போகிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இவை தவிர வெளி அமைப்புகளின் பணமும் உண்டு. யங் அமெரிக்காஸ் ஃபவுண்டேஷன் போன்ற பழமைவாத அமைப்புகள் பேச்சாளர் கட்டணத்தைத் தாங்களே ஏற்று, உள்ளூர் மாணவர் சங்கத்தின் பெயரில் கூட்டம் நடத்துகின்றன. அப்போது "கல்லூரி பணம் கொடுத்தது" என்ற குற்றச்சாட்டே பொருந்தாது. கல்லூரி கொடுப்பது அரங்கமும் காவலும் மட்டுமே.

எனக்குப் பிடிக்காத பேச்சாளருக்கு என் கட்டணம் போகக் கூடாது என்று மறுக்க முடியுமா?

அரசுப் பல்கலைக்கழகத்தில் முடியாது. இதைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் ஸ்காட் சவுத்வொர்த்தும் நண்பர்களும், தங்கள் நம்பிக்கைக்கு எதிரான சங்கங்களுக்குத் தங்கள் கட்டணம் போகிறது என்று வழக்குத் தொடர்ந்தார்கள். அப்போது ஆண்டுக் கட்டணம் 331.50 டாலர். 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கட்டாயக் கட்டணம் வாங்கலாம், ஆனால் அதைப் பிரித்துக் கொடுக்கும்போது எந்தக் கருத்தைச் சொல்கிறார்கள் என்று பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். ஒன்பது நீதிபதிகளில் ஒருவர்கூட முடிவில் மாறுபடவில்லை.

அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. ஒரு சங்கத்துக்குப் பணம் தரலாமா வேண்டாமா என்று மாணவர்களிடையே வாக்கெடுப்பு நடத்தும் வழக்கம் விஸ்கான்சினில் இருந்தது. சிறுபான்மைக் கருத்துக்கும் பெரும்பான்மைக் கருத்துக்கும் ஒரே மரியாதை தருவதுதான் இங்கே நடுநிலை. பெரும்பான்மை வாக்கை அதற்குப் பதிலாக வைக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. "பெரும்பாலான மாணவர்களுக்கு இவரைப் பிடிக்கவில்லை, ஆகவே பணம் இல்லை" என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

நடுநிலை என்பது நடைமுறையில் இருக்கிறதா?

காகிதத்தில் எல்லா இடத்திலும் இருக்கிறது. நடைமுறை வேறு. சான் மார்கோஸில் உள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கருக்கலைப்பை எதிர்க்கும் மாணவர் சங்கம் ஒன்று, ஒரு பேராசிரியரை அழைத்துப் பேசவைக்க 500 டாலர் கேட்டது. மறுத்துவிட்டார்கள். அதே கட்டண நிதியிலிருந்து வளாகத்தின் பாலின சமத்துவ மையத்துக்கும் பால்புதுமையினர் (LGBTQ) மையத்துக்கும் சேர்த்து ஒரே ஆண்டில் 2,96,498 டாலர் போயிருந்தது. மற்ற நூற்றுக்கும் மேற்பட்ட சங்கங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 38,629 டாலர். 2019-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டு முறை சட்டத்துக்குப் புறம்பானது என்றது.

அந்த மையங்கள் செய்யும் வேலை தேவையானது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் தீர்ப்பு சரி. எந்த அளவுகோலும் எழுதிவைக்காமல், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "இது வேண்டும், இது வேண்டாம்" என்று முடிவுசெய்தால், அடுத்த ஆண்டு வேறொருவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே மையங்களுக்குக் கதவை அடைக்கலாம். யார் வரப்போகிறார் என்று தெரிவதற்கு முன்பே விதியை எழுதிவிட வேண்டும். பெயர் தெரிந்த பிறகு எழுதும் விதி அந்த நபருக்கு எதிராகவோ ஆதரவாகவோதான் இருக்கும்.

அப்படியானால் யார் கேட்டாலும் பணம் தர வேண்டுமா?

இல்லை. பணம் பெறும் உரிமை என்று எவருக்கும் எதுவும் கிடையாது. கல்லூரி பேச்சாளர்களுக்கே காசு தருவதில்லை என்று முடிவுசெய்யலாம். ஒரு கூட்டத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கலாம். பயணச் செலவு மட்டும் தருவோம் எனலாம். நிதி தீர்ந்துவிட்டால் மறுக்கலாம். இவை எல்லோருக்கும் ஒன்றாகப் பொருந்தும்வரை சட்டம் தடுக்காது. ஒரு பக்கத்தாருக்குப் பணப்பெட்டியைத் திறந்துவிட்டு மறுபக்கத்தாருக்குப் பூட்டுவதைத்தான் சட்டம் தடுக்கிறது. 1995-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகம் மற்ற மாணவர் இதழ்களுக்கு அச்சுச் செலவு தந்துவிட்டு ஒரு கிறிஸ்தவ இதழுக்கு மட்டும் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதைத் தவறு என்றது.

பாதுகாப்புச் செலவு ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது?

பல நேரங்களில் அது பேச்சாளர் கட்டணத்தை விழுங்கிவிடும் என்பதால். 2017-இல் நடந்தவற்றைப் பாருங்கள்.

பிப்ரவரி 1 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வலதுசாரிப் பேச்சாளர் மைலோ யியானோபௌலஸ் பேசவிருந்த கூட்டம், முகமூடி அணிந்தவர்களின் கலவரத்தால் ரத்தானது. வளாகத்துக்கு ஏற்பட்ட சேதம் சுமார் 1,00,000 டாலர் என்று பல்கலைக்கழகம் மதிப்பிட்டது. செப்டம்பரில் பழமைவாத விமர்சகர் பென் ஷப்பிரோ அங்கே பேச வந்தபோது, முன்னெச்சரிக்கையாகச் செய்த காவல் ஏற்பாட்டுக்கு ஏறத்தாழ 6,00,000 டாலர். அந்தக் கூட்டம் அமைதியாகவே முடிந்தது. சில நாட்கள் கழித்து "சுதந்திரப் பேச்சு வாரம்" என்று அறிவித்துவிட்டு வந்த யியானோபௌலஸ், ஒலிபெருக்கிகூட இல்லாமல் கால் மணி நேரம் அளவுக்கு நின்றுவிட்டுப் போனார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் சுமார் 8,00,000 டாலர்.

அக்டோபரில் வெள்ளையினவாதி ரிச்சர்ட் ஸ்பென்சர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அவரை எந்த மாணவர் சங்கமும் அழைக்கவில்லை. அவருடைய அமைப்பு 10,564 டாலர் வாடகை கொடுத்து அரங்கை எடுத்தது. பல்கலைக்கழகத்துக்கும் காவல் துறைகளுக்கும் ஆன செலவு 5,00,000 டாலரைத் தாண்டியது. ஆளுநர் அந்த மாவட்டத்தில் அவசர நிலை அறிவித்தார்.

ஸ்பென்சருக்கு ஒரு டாலர்கூடக் கல்லூரி தரவில்லை. ஆனாலும் அந்த நாளின் மிகப் பெரிய செலவாளி கல்லூரிதான்.

அந்தச் செலவை அழைத்தவர்களிடமே வசூலித்தால் என்ன?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு இது. சட்டம் இதற்கு இடம் தருவதில்லை. காரணத்தை 1992-இல் வந்த ஒரு தீர்ப்பில் பார்க்கலாம்.

ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் மாவட்டம், ஊர்வலம் நடத்துபவர்களிடம் நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை கட்டணம் வாங்கலாம் என்று விதி போட்டது. எவ்வளவு என்பதை அதிகாரி தீர்மானிப்பார். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறையை எதிர்த்துக் கூட்டம் நடத்த விரும்பிய இனவாத அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. அருவருப்பான நோக்கம். ஆனால் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என அந்த அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. எதிர்ப்பாளர்கள் எவ்வளவு கோபப்படுவார்கள் என்பதைக் கணக்கிட்டுக் கட்டணம் வைத்தால், அது பேச்சின் உள்ளடக்கத்துக்கு விதிக்கும் அபராதம்தான் என்றது நீதிமன்றம்.

கொஞ்சம் யோசித்தால் இதன் நியாயம் புரியும். கோபத்துக்கு ஏற்பப் பில் போடலாம் என்றால், ஒரு பேச்சை நிறுத்த வன்முறைக் கும்பல் வரவே வேண்டாம், வருவோம் என்று மிரட்டினாலே போதும். கிங்கின் ஊர்வலங்களுக்கு எதிராகத் திரண்ட கூட்டத்தின் செலவைக் கிங்கிடமே வசூலித்திருந்தால் கறுப்பினத்தவரின் குடிமை உரிமை இயக்கம் எத்தனை ஊர்களில் நடந்திருக்கும்?

இருந்தும் கல்லூரிகள் முயன்றுகொண்டேதான் இருந்தன. 2018 பிப்ரவரியில் வாஷிங்டன் பல்கலைக்கழகம், பேரணி ஒன்றுக்காகக் குடியரசுக் கட்சி மாணவர் சங்கத்திடம் 17,000 டாலர் கேட்டது. கூட்டாட்சி நீதிபதி தடுத்தார். ஷப்பிரோ கூட்டத்துக்கு 9,162 டாலர் வசூலித்த பெர்க்லி, 2018 டிசம்பரில் 70,000 டாலர் கொடுத்து வழக்கைச் சமரசம் செய்துகொண்டது; எதிர்ப்பாளர்களின் கோபத்தைக் கணக்கில் எடுக்காத கட்டண முறைக்கும் ஒப்புக்கொண்டது. அரங்கின் அளவு, வருவோர் எண்ணிக்கை, டிக்கெட் விற்பனை உண்டா இல்லையா என்பவற்றை வைத்து, எல்லோருக்கும் ஒரே பட்டியலின்படி வாங்கலாம். அதற்குத் தடையில்லை.

ஆனால் ஒருவர் பேச ஆறு லட்சம் டாலர் செலவழிப்பது நியாயமா?

இது எனக்கும் உறுத்துகிறது. அந்தப் பணத்தில் எத்தனை மாணவர்களின் கல்விக் கட்டணம் அடைபடும் என்ற கேள்விக்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை. சிலர் கல்லூரியைச் செலவுக்குள் தள்ளுவதையே நோக்கமாக வைத்து வருகிறார்கள் என்பதும் உண்மை. அப்படி வருபவர்களிடம் சொல்வதற்கு ஒரு கருத்துகூட இருப்பதில்லை.

இருந்தாலும் அந்தச் செலவு யாரால் வந்தது என்று பார்க்க வேண்டும். பேசுபவர் ஆட்களை அடிக்கவில்லை என்றால், காவலர்களை வரவழைப்பது அடிக்க வருபவர்கள். 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் திறந்தவெளிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த பழமைவாதச் செயற்பாட்டாளர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலோடு எனக்குக் கடுமையான முரண்பாடு உண்டு. ஒரு கல்லூரி வளாகத்தில் மாணவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அப்படிச் செத்தது அந்த நாட்டுக்கே நேர்ந்த கேடு. அதற்குப் பிறகு காவல் செலவைச் சிக்கனப்படுத்துங்கள் என்று எந்த நிர்வாகத்திடமும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

தனியார் கல்லூரிகளுக்கும் இந்த விதிகள் உண்டா?

பெரும்பாலும் இல்லை. பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. கலிபோர்னியாவில் மட்டும் 1992-இல் வந்த லெனர்ட் சட்டம், மதம் சாராத தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் இதே போன்ற பாதுகாப்பைத் தருகிறது. மற்ற இடங்களில் கல்லூரி தானே எழுதிவைத்த கொள்கைதான் அளவுகோல். 2015-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்ட பேச்சுரிமை அறிக்கையைப் பல கல்லூரிகள் பின்பற்றுகின்றன.

இதெல்லாம் இந்தக் காலத்துப் பிரச்சினையா?

இல்லவே இல்லை. 1963-இல் வட கரோலினா சட்டமன்றம், கம்யூனிஸ்டுகள் எவரும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பேசக் கூடாது என்று சட்டம் போட்டது. 1966 மார்ச்சில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாக மாணவர்கள் கம்யூனிஸ்ட் வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் ஆப்தேக்கரை அழைத்தார்கள். வளாகத்தின் தாழ்வான கற்சுவருக்கு வெளியே, நடைபாதையில் நின்று அவர் பேசினார். மாணவர்கள் சுவருக்கு உள்ளே நின்று கேட்டார்கள். அந்த மாணவர்கள் தொடர்ந்த வழக்கில் 1968-இல் சட்டம் செல்லாதென்று தீர்ப்பானது.

இன்று தடை கேட்கும் இடதுசாரி மாணவர்கள் சிலருக்கு இந்த வரலாறு தெரிவதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. முதலில் வாய் அடைக்கப்பட்டவர்கள் அவர்களுடைய முன்னோர்கள்தான்.

எதிர்ப்பவர்கள் கூச்சல் போட்டுப் பேச்சை நிறுத்தினால் அதுவும் பேச்சுரிமைதானே?

வெளியே நின்று முழக்கமிடலாம், துண்டறிக்கை தரலாம், முதுகைக் காட்டி நிற்கலாம், எதிர்க்கூட்டம் போடலாம், கேள்வி நேரத்தில் கிழித்தெடுக்கலாம். பேசவே விடாமல் செய்வது இந்தப் பட்டியலில் வராது. 2017 மார்ச்சில் மிடில்பரி கல்லூரியில் சர்ச்சைக்குரிய நூலாசிரியர் சார்லஸ் மரியின் பேச்சைக் கூச்சலிட்டு நிறுத்தியவர்கள், அவருடன் கடுமையாக வாதிடத் தயாராக வந்திருந்த பேராசிரியர் ஆலிசன் ஸ்டேஞ்சரின் வாயையும் அடைத்தார்கள். கைகலப்பில் காயப்பட்டவரும் அவரே.

பேசுபவர் தேர்தல் பிரசாரத்தோடு தொடர்புடையவர் என்றால்?

இங்கே வேறு சட்டங்கள் வந்து சேர்கின்றன. வரிவிலக்கு பெற்ற கல்லூரி எந்த வேட்பாளருக்கும் சார்பாகவோ எதிராகவோ பிரசாரத்தில் இறங்கக் கூடாது. ஒரு வேட்பாளரை அந்தத் தகுதியில் அழைத்தால் மற்றவர்களுக்கும் சமவாய்ப்புத் தர வேண்டும். பதவியிலிருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பேச்சுக்கு மதிப்பூதியம் வாங்குவது 1991 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பெருந்தொகை வாங்குபவர்கள் எல்லாரும் "முன்னாள்" என்றோ "மகன்" என்றோ இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2019 அக்டோபரில் டிரம்ப் ஜூனியரும் டிரம்ப் பிரசார ஆலோசகர் கிம்பர்லி கில்ஃபாயலும் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பேசினார்கள். கட்டணம் 50,000 டாலர், மாணவர் கட்டணத்திலிருந்து. இந்தப் பேச்சை ஏற்பாடு செய்வது பற்றி டிரம்ப் பிரசாரக் குழுவைச் சேர்ந்த ஒருவர் மாணவர் பேரவைத் தலைவருக்கு எழுதிய மின்னஞ்சல் வெளிவந்ததும் தலைவரைப் பதவிநீக்கக் கோரித் தீர்மானம் வந்தது. இந்த நிகழ்வில் அந்த மாணவர்களின் கோபம் நியாயமானது என்றே கருதுகிறேன். பழமைவாதி ஒருவர் பேசியதில் தவறில்லை. கட்டாயமாக வாங்கிய பணம் ஒரு பிரசார இயந்திரத்தின் அருகே போனதுதான் தவறு.

நீங்கள் நிர்வாகத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

மாணவர் கட்டணத்திலிருந்து எந்தப் பேச்சாளருக்கும் சில ஆயிரம் டாலருக்கு மேல் தரமாட்டேன். இடது, வலது, நடிகர், நோபல் அறிஞர் என்று யாராக இருந்தாலும் அதே வரம்பு. காவல் செலவைக் கல்லூரியே ஏற்கும். வன்முறையில் பிடிபட்டவர்களிடம் சேதத்துக்கான தொகையை வழக்குப் போட்டு வசூலிக்கும். மாணவரோ ஆசிரியரோ அழைக்காத வெளியாருக்கு அரங்கை வாடகைக்கு விடுவதை நிறுத்துவேன். எல்லா வெளியாருக்கும் நிறுத்தினால் அது சட்டப்படி சரி. பேச்சு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் கேள்விகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவேன். மேடையேறிப் பேசிவிட்டுக் கேள்வி கேட்கவிடாமல் காரில் ஏறுபவருக்குக் கல்லூரிப் பணம் தேவையில்லை.

என் பல்கலைக்கழகம் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று எப்படி அறிவது?

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அந்தந்த மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். சில மாநிலங்களில் அங்கே வசிப்பவர்கள்தான் கேட்க முடியும். பேச்சாளர் ஒப்பந்தம், பயணச் செலவு ரசீதுகள், அந்த நாளுக்கான காவல் செலவுக் கணக்கு, பணம் எந்த நிதியிலிருந்து போனது என்ற பதிவு ஆகிய நான்கையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "பேச்சாளர் செலவு" என்று மொத்தமாகக் கேட்டால் முதலாவதை மட்டும் அனுப்பிவிடுவார்கள். பல்கலைக்கழக அறக்கட்டளை தனி அமைப்பு என்று சொல்லி மறுப்பதும் உண்டு. தனியார் கல்லூரியில் இந்த வழி கிடையாது. அங்கே மாணவர் பேரவையின் வரவுசெலவுக் கூட்டத்துக்கு நேரில் போய்க் கேட்பதுதான் வழி.